வாசகர் கேள்விகள்: எல்லாத் திரிபையும் மடக்கும் ஆன்டிபாடி உண்டா?

புதிதாகக் கிளம்பும் கொரோனா திரிபுகளையும் செயலிழக்கச் செய்யும் மனித ஆன்டிபாடிகள் (கிருமியைப் பிடிக்க நம் உடம்பு செய்யும் புரதங்கள்) பற்றிப் போன இதழில் நாலு வரிப் பெட்டிச் செய்தி ஒன்று போட்டிருந்தோம். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. வழக்கமாக வரும் விண்வெளிக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பலரும் வீட்டு நோய் விவரங்களை எழுதியிருப்பதால் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறோம்.

“எல்லா வகைக் கொரோனாவையும் அழிக்கும் ஆன்டிபாடி கண்டுபிடிப்பு” என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடுகிறது. உண்மையா, புருடாவா?
ஈரோடு வாசகர்

புருடா இல்லை. ஆனால் அந்த ‘எல்லா’வுக்கு முன்னால் ‘இன்றுவரை வந்த’ என்று நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 2024-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகக் குழு எஸ்சி27 என்ற ஆன்டிபாடியைப் பற்றி எழுதியது. தடுப்பூசியும் போட்டு, தொற்றும் வந்து போன ஒருவரின் ரத்தத்தில் கிடைத்தது அது. அதுவரை வந்திருந்த திரிபுகளையும், பிற விலங்குகளிடம் உள்ள தூரத்து உறவு வைரஸ்களையும்கூட ஆய்வகத்தில் முடக்கியது. இதெல்லாம் நிஜம்தான்.

ஆனால் இதே அளவு நிஜமான நம்பிக்கையோடு வந்த பெப்டெலோவிமாப் என்ற மருந்தின் கதையையும் கேளுங்கள். தொற்றிலிருந்து குணமான ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்து எலி லில்லி நிறுவனம் வளர்த்த ஆன்டிபாடி. ஆல்ஃபா, பீட்டா, டெல்டா, முதலில் வந்த ஓமிக்ரான்கள் என எதைக் கொடுத்தாலும் அடித்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 பிப்ரவரி 11-ல் அவசர அனுமதி தந்தது, அதே வருஷம் நவம்பர் 30-ல் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. பத்து மாதம்கூட ஓடவில்லை. பிக்யூ.1.1 என்ற ஓமிக்ரான் வாரிசு வந்து, வைரஸின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தில் 444-ஆம் இடத்தில் இருந்த ஓர் அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டது. மொத்தம் 1,273 அமினோ அமிலங்கள் உள்ள புரதம் அது. அதில் ஒன்று மாறியதே இந்த மருந்துக்குப் போதுமானதாக இருந்தது.

அதனால் இந்த மாதிரிச் செய்தியைப் பார்த்தால் அந்த ஆன்டிபாடி எவ்வளவு பலமானது என்பதை விட்டுவிட்டு, ஸ்பைக்கில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று தேடுங்கள். பஸ்ஸுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் பெயின்ட் மாற்றலாம், அச்சாணியை மாற்றினால் வண்டி ஓடாது. வைரஸுக்கும் அப்படி மாற்ற முடியாத இடங்கள் உண்டு, அவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடிதான் நாள்பட நிற்கும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நம் செல்லில் உள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் போய்த் தொடும் இடம்தான் வைரஸின் அச்சாணி என்று ஆரம்பத்தில் பலரும் நினைத்தார்கள், நியாயமான நினைப்புதான், தொடாமல் உள்ளே போக முடியாதே. ஆனால் அந்த இடமே தாராளமாக மாறியது. 501-ஆம் இடத்தில் வந்த மாற்றத்தால் பிடி இன்னும் இறுகியதே தவிர தளரவில்லை. ஓமிக்ரான் வந்தபோது ஸ்பைக்கில் 30-க்கு மேல் மாற்றங்கள், அதில் சுமார் 15 இந்தப் பகுதியில் மட்டும்.

தடுப்பூசி போட்ட பிறகு லேபில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தேன். 2500-க்கு மேல் என்று வந்தது. என் மனைவிக்கு 400தான். நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளலாமா?
கோயம்புத்தூர் வாசகர்

மனைவியிடம் இதைச் சொல்லிப் பெருமையடிக்க வேண்டாம். அந்த டெஸ்ட் அளப்பது ஸ்பைக்கில் ஒட்டும் ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும். ஒட்டுவது வேறு, முடக்குவது வேறு. ஸ்பைக்கின் மேல் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டு, வைரஸ் செல்லுக்குள் போவதைக் கொஞ்சமும் தடுக்காத ஆன்டிபாடிகள் எல்லோர் ரத்தத்திலும் ஏராளம். தடுப்பூசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைத் தெரிந்துகொள்ள இந்த டெஸ்டை நம்ப வேண்டாம் என்று எஃப்டிஏ 2021 மே மாதமே சொல்லிவிட்டது. போதாததற்கு, பல டெஸ்டுகளில் இருந்த ஸ்பைக் வூஹானில் கிளம்பிய பழைய வைரஸுடையது. இன்று ஊரில் சுற்றுவது அதன் எத்தனையாவது தலைமுறையோ.

முடக்குகிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் செய்வது வேறு வேலை. 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஏசிஇ2 உள்ள செல்களை வளர்ப்பார்கள். தானாகப் பெருக முடியாத ஒரு போலி வைரஸின் மேல் கொரோனாவின் ஸ்பைக்கை மாட்டி, அது செல்லுக்குள் நுழைந்தால் ஒளிரும்படியான ஒரு மரபணுவையும் உள்ளே வைத்திருப்பார்கள். ஆன்டிபாடியை முதல் குழியில் ஒரு அளவு, அடுத்ததில் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கடுத்ததில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு என்று நீர்க்க வைத்துக்கொண்டே போய், போலி வைரஸோடு கலந்து சுமார் ஒரு மணி நேரம் விட்டு, பிறகு செல்களின் மேல் ஊற்றுவார்கள். இரண்டு நாள் கழித்து எந்தக் குழியில் எவ்வளவு வெளிச்சம் என்று இயந்திரம் எண்ணும். வெளிச்சம் பாதியாகக் குறைய எவ்வளவு ஆன்டிபாடி தேவைப்பட்டது என்பதுதான் அந்த ஆன்டிபாடியின் மதிப்பெண், எண் குறையக் குறைய நல்லது. திரிபுக்கொரு தட்டு. புதுத் திரிபு வந்தால் அதன் ஸ்பைக்கைத் தயார் செய்து மறுபடியும் முதலிலிருந்து. ‘இந்த ஆன்டிபாடி இந்தத் திரிபை முடக்குகிறது’ என்று செய்தியில் வரும் ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தத் தட்டுதான். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

2021 மே மாதம் என் மச்சானுக்கு ‘ஆன்டிபாடி காக்டெயில்’ என்று 59,750 ரூபாய்க்கு ஊசி போட்டார்கள். நகையை வைத்துக் கட்டிய பணம். இப்போது அந்த ஊசியே இல்லையாம். ஏமாந்துவிட்டோமா?
சேலம் வாசகர்

இல்லை, அந்த நேரத்துக்கு அது சரியான மருந்து. காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற இரண்டு ஆன்டிபாடிகளின் கலவை. நியூயார்க்கின் டாரிடவுனில் உள்ள ரீஜெனரான் உருவாக்கியது, இந்தியாவில் ரோஷும் சிப்லாவும் கொண்டுவந்தன. ஒரு நோயாளிக்கான 1,200 மில்லிகிராமின் விலை நீங்கள் சொல்லும் 59,750தான். 2020 அக்டோபரில் டிரம்புக்குக் கொடுத்ததும் இதே கலவைதான், ஆனால் அவருக்கு 8 கிராம்.

உங்கள் மச்சானுக்குப் போட்ட மாதத்தில் இங்கே பரவிக்கொண்டிருந்தது டெல்டா, அதன்மேல் இந்தக் கலவை நன்றாகவே வேலை செய்தது. மருத்துவமனைக்குப் போகாத நிலையில் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், 1,200 மில்லிகிராம் போட்டவர்களில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து 1 சதவீதம், போடாதவர்களில் 3.2 சதவீதம். பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. சொந்தமாக ஆன்டிபாடி உருவாகாத நோயாளிகளில் 30 சதவீதமாக இருந்த இறப்பு இந்த மருந்தால் 24 சதவீதமானது, ஏற்கெனவே சொந்த ஆன்டிபாடி உள்ளவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆக, சீக்கிரம் போட்டிருந்தால் காசு வீணில்லை.

அப்புறம் ஏன் போனது என்றால், இரண்டும் ஸ்பைக்கில் இரண்டு வேறு இடங்களைப் பிடிக்கும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தவை, ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கட்டும் என்பது கணக்கு. பீட்டா திரிபு வந்தபோது அந்தக் கணக்கு பலித்தது, காசிரிவிமாப் தள்ளாடியபோது இம்டெவிமாப் தாங்கியது. தென்னாப்பிரிக்கா 2021 நவம்பர் 24-ல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்த ஓமிக்ரான் இரண்டு இடத்தையும் ஒரே அடியில் மாற்றிக்கொண்டு வந்தது. சரியாக இரண்டு மாதத்தில், 2022 ஜனவரி 24-ல், எஃப்டிஏ இந்தக் கலவையின் பயன்பாட்டை முடக்கியது.

கொரோனா வந்தது 2019-ல். ஆனால் 2003-ல் நோய் வந்த ஒருவரின் ரத்தத்திலிருந்து கொரோனாவுக்கு மருந்து எடுத்ததாகப் படித்தேன். அச்சுப் பிழையா?
நாகர்கோவில் கல்லூரி மாணவி

அச்சுப் பிழை இல்லை, இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. 2003-ல் சார்ஸ் (இன்றைய கொரோனாவின் நெருங்கிய உறவு வைரஸால் வந்த நோய்) தொற்றி உயிர் பிழைத்த ஒருவர், பத்து வருஷம் கழித்து 2013-ல் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தார். நம் உடம்பில் நினைவு பி செல்கள் என்று உண்டு. ஒரு கிருமியை ஒருமுறை பார்த்துவிட்டால் அதற்கான ஆன்டிபாடியின் செய்முறையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனாவில் உள்ள ஹுமாப்ஸ் பயோமெட் ஆய்வகத்தில், அமெரிக்காவின் விர் பயோடெக்னாலஜி நிறுவனத்தின் கிளை அது, அந்த ரத்தத்தின் பி செல்களிலிருந்து கிடைத்த ஆன்டிபாடிகளை 2020-ல் புதிய வைரஸின் மேல் சோதித்துப் பார்த்தார்கள். எஸ்309 என்ற ஒன்று இரண்டு வைரஸையும் முடக்கியது. 17 வருஷ இடைவெளி.

காரணம் மறுபடியும் இடம்தான். எஸ்309 ஏசிஇ2-வைத் தொடும் பகுதிக்கே போவதில்லை. கொஞ்சம் தள்ளி, 343-ஆம் இடத்தில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலியையும் சேர்த்து ஒரு ஓரத்தைப் பிடிக்கிறது. சார்ஸ் குடும்பத்து வைரஸ்களில் அந்த ஓரம் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஏசிஇ2-வைத் தொடுவதைத் தடுக்காமலேயே வைரஸை முடக்குகிறது என்பது அப்போது பலரையும் யோசிக்க வைத்தது. இதைக் கொஞ்சம் திருத்தி, உடம்பில் அதிக நாள் தங்கும்படி செய்துதான் சோட்ரோவிமாப் என்ற மருந்தாக ஜிஎஸ்கே கொண்டுவந்தது. 2021 மே மாதம் அமெரிக்காவில் அவசர அனுமதி. முதல் ஓமிக்ரானையும் தாக்குப்பிடித்து நின்ற ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று. பிஏ.2 என்ற ஓமிக்ரான் கிளை வந்ததும் பலம் குறைந்தது, 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். நல்ல இடம்தான், ஆனாலும் பட்டா போட்டுக்கொண்ட இடம் இல்லை.

பிளாஸ்மா சிகிச்சை என்று 2020-ல் அலைந்தோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? பாம்புக் கடிக்குப் போடும் ஊசியும் ஆன்டிபாடி என்கிறார்களே?
திருவண்ணாமலை வாசகர்

மூன்றும் ஒரே குலம். பாம்புக் கடி ஊசி, குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்தது. அந்த விஷத்தில் பெரும்பங்கு நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பிளாஸ்மா என்பது குணமானவரின் ரத்த நீரில் உள்ள ஆயிரக்கணக்கான விதமான ஆன்டிபாடிகளின் கலவை, அதில் வேலை செய்வது எத்தனை, சும்மா இருப்பது எத்தனை என்று ஆளுக்கு ஆள் மாறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய பிளாசிட் ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை, 2021 மே மாதம் இந்திய வழிகாட்டு நெறிகளிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பது அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆன்டிபாடியைத் தேர்ந்து, அதன் மரபணுவைப் படித்து, சீன வெள்ளெலியின் செல்களில் வளர்த்துத் தொட்டி தொட்டியாக எடுப்பது.

இந்த ஆன்டிபாடி மருந்துகளே புதுத் திரிபுகளை உருவாக்குகின்றன என்று ஒரு யூடியூபர் சொல்கிறார். அவரை நம்பலாமா?
விருதுநகர் வாசகி

யூடியூபரை எனக்குத் தெரியாது, ஆனால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. சிட்னியில் டெல்டா அலையின்போது சோட்ரோவிமாப் போட்ட முதல் 100 நோயாளிகளின் வைரஸை ஆராய்ந்து 2022-ல் எழுதினார்கள். அவர்களில் நான்கு பேரிடம், மருந்து போட்ட 6 முதல் 13 நாட்களுக்குள், ஸ்பைக்கின் 340-ஆம் இடத்தில் மாற்றம் வந்திருந்தது. அந்த மருந்து பிடிக்கும் இடமே அதுதான். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உடம்பில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கும்போது, ஒரே ஒரு ஆன்டிபாடியின் அழுத்தம் மட்டும் இருந்தால் அதிலிருந்து தப்பும் வைரஸ் தேறி வரும், அவ்வளவு எளிய கணக்கு.

ஆனால் உலகம் முழுக்கப் பரவிய ஓமிக்ரானுக்கு இந்த மருந்துகள்தான் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். இந்த ஊசி போட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? கோடிக்கணக்கான மனிதர்களின் சொந்த ஆன்டிபாடிகள் தரும் அழுத்தத்தில்தான் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. பீகிங் பல்கலைக்கழகத்தின் யுன்லாங் சாவ் குழு காட்டியது போல, வெவ்வேறு ஓமிக்ரான் கிளைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் 346, 444, 460, 486 என்று அதே இடங்களில் போய் மாறின. எல்லோர் ரத்தமும் ஏறக்குறைய ஒரே இடங்களில் அழுத்தியதால் எல்லாக் கிளைகளும் ஒரே சந்துகளில் தப்பித்தன.

என் அம்மாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை செய்து ஆறு வருஷம் ஆகிறது. தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி வரவில்லை என்கிறார்கள். வெளிநாட்டில் இவரைப் போன்றவர்களுக்கு முன்கூட்டியே போடும் ஊசி இருக்கிறதாமே, வரவழைக்கலாமா?
மதுரை வாசகி

அம்மாவைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த மருந்துகளை இன்னும் யாராவது தயாரிக்கிறார்கள், மற்றவர்களுக்குத் தடுப்பூசியே போதும். 2021 டிசம்பரில் அனுமதி பெற்ற எவுஷெல்ட் முதல் ஆள். அதன் இரண்டு ஆன்டிபாடிகளும் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், குணமான நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்தவை. 2023 ஜனவரியில் அதுவும் போனது. பிறகு வந்தது பெமிவிபார்ட், 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அவசர அனுமதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், கடுமையான ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கை மருந்தின் மேலேயே உண்டு. ஆஸ்ட்ராசெனிகாவின் சிபாவிபார்ட்டுக்கு 2024 கடைசியில் ஜப்பானிலும் 2025 ஜனவரியில் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. இதில் கொடுமை என்னவென்றால், 456-ஆம் இடத்தில் மாற்றம் உள்ள வைரஸை அது பிடிக்காது, அனுமதி கிடைத்த நேரத்தில் ஊரில் சுற்றிய வைரஸ்களில் பெரும்பாலானவற்றில் அந்த மாற்றம் ஏற்கெனவே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவை சீமந்தத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி என்று எங்கள் பத்திரிகையில் பிழைதிருத்தும் அம்மா சொல்கிறார்.

எனவே, கடன் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன், இப்போது பரவும் திரிபின்மேல் அந்த மருந்து வேலை செய்கிறதா என்பதை அம்மாவின் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். ஊசியை விட அவசரமான ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குத் தொற்று வந்தால், மாத்திரையாகக் கொடுக்கும் பேக்ஸ்லோவிட்டில் உள்ள ரிடோனாவிர், மாற்றுச் சிறுநீரகத்துக்காக அவர் அநேகமாகச் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். காய்ச்சல் வந்த அன்றே, எந்தக் கடையிலும் எதையும் வாங்கிக் கொடுக்காமல், அந்த மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மாற்று வழிகள் அவரிடம் உண்டு, ரெம்டெசிவிர் அவற்றில் ஒன்று. வீட்டில் உள்ள மற்றவர்கள் தடுப்பூசியைப் புதுப்பித்துக்கொள்வது அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

எல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா என்றே எழுதுகிறீர்கள். நம் நாட்டில் யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லையா?
வேலூர் வாசகர்

கண்டுபிடித்தார்கள். டெல்லியில் உள்ள ஐசிஜிஇபி என்ற மரபணுப் பொறியியல் ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, தொற்றின் ஆரம்பக் காலத்தில் பழைய வூஹான் வகை வந்து குணமான இந்தியர்களின் பி செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தன. அதில் கிடைத்த 002-எஸ்21எஃப்2 என்ற ஆன்டிபாடி ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, அப்புறம் ஓமிக்ரானில் பிஏ.1, பிஏ.2, பிஏ.4, பிஏ.5 எல்லாவற்றையும் முடக்கியது, அதுவும் போலி வைரஸை வைத்து இல்லை, உயிருள்ள வைரஸை வைத்தே சோதித்தார்கள். மில்லிலிட்டருக்கு 0.02 முதல் 0.13 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. 2022-ல் வெளிவந்தது.

கவனித்தீர்களா, இவர்கள் ஓமிக்ரானைக் கண்ணால் பார்க்காதவர்கள். 2020-ல் வந்த தொற்றுக்கு உருவான ஆன்டிபாடி 2022-ன் வைரஸை மடக்கியது எப்படி? நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பார்த்ததில், தொற்று போய் ஆறு மாதம் கழித்தும் நினைவு பி செல்கள் தங்கள் ஆன்டிபாடியைச் செதுக்கிக்கொண்டே இருந்தன, ஆறாவது மாதத்து ஆன்டிபாடிகள் முதல் மாதத்தினதை விட அதிகத் திரிபுகளைத் தாங்கின. ரத்தத்தில் ஆன்டிபாடி குறைந்துவிட்டது என்று கவலைப்படும் கோவைக்காரர்கள் இதையும் படிக்கலாம்.

கபசுரக் குடிநீர் குடித்தால் இந்த மாதிரி ஆன்டிபாடி வருமா?
அரியலூர் வாசகர்

வராது. ஒரு வைரஸின் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி உருவாக வேண்டுமானால் உடம்பு அந்தப் பகுதியைப் பார்த்திருக்க வேண்டும், தொற்றிலோ தடுப்பூசியிலோ. தொண்டைக்கு இதமாக இருந்தால் குடியுங்கள்.

இவ்வளவு நல்ல ஆன்டிபாடி சிலருக்கு வருகிறதென்றால், எல்லோருக்கும் அதையே வரவைக்கும் தடுப்பூசி செய்துவிட்டால் கதை முடிந்ததே?
யாழ்ப்பாணம் வாசகர்

அதற்குத்தான் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் இரண்டு. முதலாவது, வைரஸ் மாற்றாத இடங்கள் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடங்கள். ஸ்பைக்கின் அடித்தண்டைப் பிடிக்கும் எஸ்2பி6, சிசி40.8 போன்ற ஆன்டிபாடிகள் உண்டு. எஸ்2பி6 மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா முதல் சாதாரணச் சளிக் கொரோனா வரை பிடிக்கிறது, ஆனால் இவற்றுக்குப் பலம் குறைவு. உடம்பு எளிதில் கண்ணில் படும் இடத்துக்குத்தான் முதலில் ஆன்டிபாடி செய்யும், மாறிப்போவதும் அந்த இடம்தான். இரண்டாவது, உடம்பு முதலில் பார்த்த வைரஸை மறப்பதில்லை. புதுத் திரிபைக் காட்டினாலும் பழைய ஆன்டிபாடியையே எடுத்துத் தருகிறது. ஃப்ளூ காய்ச்சல் வைரஸில் இதைத் தாமஸ் பிரான்சிஸ் என்ற விஞ்ஞானி 1960-லேயே எழுதிவிட்டார். 2023-ல் தடுப்பூசியிலிருந்து பழைய வூஹான் ஸ்பைக்கை எடுத்துவிட்டு எக்ஸ்பிபி.1.5 என்ற ஓமிக்ரான் வாரிசின் ஸ்பைக்கை மட்டும் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பமீலா பியார்க்மன் குழு செய்திருக்கும் தந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நுண்துகளின் மேல் எட்டு வெவ்வேறு வைரஸ்களின் ஏசிஇ2 தொடும் பகுதியைக் கலந்து கலந்து ஒட்டிவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒன்றுபோல இருக்காது. பி செல்லுக்கு இரண்டு கை, இரண்டாலும் சேர்த்துப் பிடித்தால்தான் பிடி உறுதி. அப்படி இரண்டு வேறு வேறு வைரஸ்களை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பிடிக்கும் செல்லால்தான் முடியும், அது ஜெயித்துப் பெருகும். விலங்குகளில் நன்றாக வேலை செய்தது.

அண்ணன் ஜெர்மனியில் இருக்கிறார், அவர் குழந்தைக்கு ஆர்எஸ்வி என்ற வைரஸுக்கு ஆன்டிபாடி ஊசி போட்டார்களாம். அங்கே மட்டும் இது எப்படி ஜெயித்தது?
காரைக்குடி வாசகி

அது நிர்செவிமாப். ஐரோப்பாவில் 2022 அக்டோபர் கடைசியிலும் அமெரிக்காவில் 2023 ஜூலையிலும் அனுமதி பெற்றது. அதுவும் மனித ஆன்டிபாடியிலிருந்து வந்ததுதான். ஒரு ஊசி ஐந்து மாதம் தாங்கும். ஆர்எஸ்வி-யில் அது பிடிக்கும் இடம் கொரோனா ஸ்பைக் அளவுக்கு வேகமாக மாறுவதில்லை. ஆனால் அங்கேயும் இடம் தவறினால் தோல்விதான். இதற்கு முன் ரீஜெனரான் கொண்டுவந்த சுப்டாவுமாப் 2017-ல் கடைசிக் கட்டச் சோதனையில் விழுந்தது, ஆர்எஸ்வி-யின் பி வகையில் இரண்டே அமினோ அமிலங்கள் மாறியிருந்தன.

என் தம்பி மகன் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறான். நாளைக்கு அவன் ஆன்டிபாடியை வைத்துக் கோடிக்கணக்கில் சம்பாதித்தால் அவனுக்குப் பங்கு உண்டா?
தஞ்சாவூர் வாசகர்

அநேகமாகக் கிடையாது. காப்புரிமையில் ஆராய்ச்சியாளர்கள் பெயர் வரும், ரத்தம் கொடுத்தவர் பெயர் வராது. இதில் உலகமே மேற்கோள் காட்டும் வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. ரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் மண்ணீரலிலிருந்து அவருக்குச் சொல்லாமலே செல்களை வளர்த்துக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள், அவர் வழக்குப் போட்டார். உடம்பை விட்டு வெளியே எடுத்த செல்லின் மேல் நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் தனக்கு அதில் பண லாபம் இருப்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று 1990-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது அமெரிக்கச் சட்டம், இங்கே அப்படியே பொருந்தாது. இங்கே முக்கியம் தம்பி மகன் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம். அதில் மாதிரிகளை வணிக நோக்கில் பயன்படுத்துவது பற்றி ஒரு பத்தி இருக்கும், படிக்காமல் போட்டிருப்பான். ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கொடுத்தாக வேண்டும்.